பின் சீட்டிலிருந்து இறங்குங்கள்

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நின்று பேசுகிறேன். மணி ஐந்தே முக்கால். வாக்கிங் வருகிறவர்களின் பேச்சும் காக்கைச் சத்தமும் நடுநடுவே கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறரைக்கு ஒரு அக்கா வகுப்புக்கு வருவார். அதற்குள் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வீடியோ பைக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இல்லை, கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு. டிரைவிங் ஸ்கூலில் டூவீலர் வகுப்பு எடுப்பவர்கள், தங்கைக்கோ மனைவிக்கோ பக்கத்து வீட்டுப் பையனுக்கோ சொல்லித் தருகிறவர்கள், எல்லோரும் கேட்கலாம். நான் இந்தத் தொழிலுக்கு வந்து 14 வருஷம் ஆகிறது. அதில் முதல் எட்டு வருஷம் தப்பாகத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நம் ஊரில் வண்டி பழக்குவது எப்படி? ஓட்டுகிறவர் முன்னால், நாம் பின்னால். இரண்டு கையையும் நீட்டி அவர் பிடித்திருக்கிற ஹேண்டில்பாரையே நாமும் பிடித்துக்கொள்வோம். காதோரத்தில் விடாமல் சத்தம்: "கிளட்ச், கிளட்ச்... மெதுவா... ஐயோ பிரேக்கைப் பிடி... நேராப் பாரு!" என் சித்தப்பா எனக்கு அப்படித்தான் பழக்கினார். நானும் மற்றவர்களுக்கு அப்படியே பழக்கினேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், இதே மாதிரி காலை நேரம். காலேஜ் முதல் வருஷம் படிக்கிற பையன் ஓட்டுகிறான், நான் பின்னால். வளைந்து திரும்பும்போது குறுக்கே ஒரு ஆடு வந்தது. நான் பதறிப்போய், அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டேன். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கை அப்படிப் பிடித்தால் முன் சக்கரம் சறுக்கும். ஒரே நொடியில் வண்டி சாய்ந்தது. எனக்கு முட்டியில் சிராய்ப்பு. அவனுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவன் என்னிடம் கோபப்படவில்லை. "அண்ணா, நானே நிறுத்தத்தான் போனேன், பின் பிரேக்குல கால் வச்சிட்டேன்" என்றான். அந்த வார்த்தை இன்னும் எனக்குள் இருக்கிறது. அவன் ஆட்டைப் பார்த்துவிட்டான். சரியான முடிவும் எடுத்துவிட்டான். அதைச் செய்ய நான்தான் விடவில்லை.

அன்றிலிருந்து ஓட்டப் பழகுகிற நாட்களில் மைதானத்தில் நான் யார் பின்னாலும் உட்காருவதில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிமையானது. பின்னால் 70 கிலோ ஆள் உட்கார்ந்திருக்கும் வண்டியும் தனியாக ஓட்டும் வண்டியும் ஒன்றில்லை. பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் லேசாகும், திரும்புகிற விதமே மாறும். பத்து நாள் நம் எடையோடு பழகிய பேலன்ஸ், நாம் இறங்கிய பதினோராம் நாள் அவருக்கு உதவாது. அமெரிக்காவில் 1973-இல் தொடங்கிய மோட்டார்சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன் நடத்தும் அடிப்படைப் பயிற்சியிலும் பயிற்சியாளர் தரையில் நின்று கை ஜாடையில்தான் வகுப்பு நடத்துவார். அவர்களை அங்கே 'ரைடர்கோச்' என்று அழைக்கிறார்கள்.

சரி, இறங்கிவிட்டோம். எங்கே நிற்பது? பழகுகிறவர் எங்கே பார்க்கிறாரோ அங்கேதான் வண்டி போகும். அதனால் அவர் வரும் பாதைக்கு நேராக மட்டும் நிற்காதீர்கள், உங்களைப் பார்த்து உங்கள் மேலேயே வந்துவிடுவார். இதோ பாருங்கள், எட்டுப் போடுவதற்கு மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில்கள் வைத்திருக்கிறேன். அவர் ஒரு வளைவுக்குள் நுழையும்போது, அதிலிருந்து வெளியே வரும் பக்கம், பாதையிலிருந்து பத்தடி தள்ளி நிற்பேன். கையைத் தூக்கி விரல்களைக் காட்டுவேன். எத்தனை விரல் என்று அவர் உரக்கச் சொல்ல வேண்டும். "மூணு!" என்று சத்தம் வந்தால் அவர் பாட்டிலைப் பார்க்கவில்லை, போக வேண்டிய இடத்தைப் பார்க்கிறார் என்று அர்த்தம். "பாட்டிலைப் பார்க்காதே" என்று நூறு தரம் கத்தினாலும் நடக்காது. பாட்டில் என்ற சொல் காதில் விழுந்ததும் கண் அங்கேதான் போகும்.

அடுத்து கிளட்ச். பெரும்பாலானவர்கள் முதல் நாளே கியர் போட்டு, ஆக்சிலேட்டர் கொடுத்து, கிளட்சை விடச் சொல்கிறார்கள். வண்டி குதிக்கும், அல்லது ஆஃப் ஆகும். அந்தக் குதிப்பில் வருகிற பயம் போக ஒரு வாரம் ஆகும். நான் முதல் நாள் ஆக்சிலேட்டரைத் தொடவே விடுவதில்லை. முதல் கியர், இன்ஜின் ஓடுகிறது, இரண்டு காலும் தரையில். கிளட்சை மெதுவாக விட வேண்டும். வண்டி ஒரு சாண் நகர்ந்ததும் திரும்பப் பிடித்துவிட வேண்டும். மறுபடி ஒரு சாண். மறுபடி. இருபது, முப்பது தரம். கிளட்ச் பிடிக்கும் இடம் எது என்று நாம் வாயால் சொல்லவே வேண்டாம், அவருடைய விரல் கண்டுபிடித்துக்கொள்ளும். அது கிடைத்துவிட்டால் ஆக்சிலேட்டர் இல்லாமலே வண்டி நடக்கிற வேகத்தில் போகும். முதல் நாளுக்கு அது போதும்.

என்ன சொல் பயன்படுத்துகிறோம் என்பதில் நான் இப்போது ரொம்பக் கவனமாக இருக்கிறேன். காப்ரியேலே வுல்ஃப் என்று ஒரு ஆய்வாளர் இருக்கிறார். உடல் ஒரு வித்தையை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதை ஆராய்கிறவர். அவரும் உடன் ஆய்வாளர்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவி ஒன்றில் ஆட்களை ஏற்றிப் பார்த்தார்கள். ஒரு குழுவிடம் உங்கள் பாதத்தின் அழுத்தத்தைக் கவனியுங்கள் என்றார்கள். இன்னொரு குழுவிடம் பாதத்துக்குக் கீழே இருக்கிற சக்கரங்களின் அழுத்தத்தைக் கவனியுங்கள் என்றார்கள். சக்கரத்தைக் கவனித்தவர்கள்தான் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். கவனம் உடம்பை விட்டு வெளியே இருந்தால் உடம்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். இதைப் படித்த பிறகு என் வாயிலிருந்து "கையை மடக்கு, தோளை இறக்கு, முட்டியைச் சேர்" எல்லாம் குறைந்துவிட்டது. இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வலப்பக்கம் திரும்ப வேண்டுமா? வலது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளச் சொல்வேன், வண்டி தானே வலப்பக்கம் சாய்ந்து திரும்பும். அவ்வளவுதான். இடுப்பைப் பற்றியும் தோளைப் பற்றியும் பேச மாட்டேன்.

ஆறரைக்கு ஒரு அக்கா வருவார் என்றேனே, அவருக்கு 41 வயது. நெல்லிக்குப்பம் பக்கம் அங்கன்வாடியில் வேலை. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், அவருடைய பைக் இரண்டு வருஷமாக வாசலில் சும்மா நிற்கிறது. அதைத்தான் ஓட்ட வேண்டும் என்று வந்தார். முதல் நாள் ஹேண்டிலை அவர் பிடித்த பிடியில் விரல் முட்டியெல்லாம் வெளுத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில், "தம்பி, கை மரத்துப்போவுது, எனக்கு வராது போல" என்றார். பயப்படாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பயப்படுகிறவரிடம் அதைச் சொன்னால் பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொள்ளும். "அக்கா, கோழி இறக்கையை அடிக்கிற மாதிரி முழங்கையை ரெண்டு தரம் ஆட்டுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே ஆட்டினார். பிடி தளர்ந்தது. இன்றைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கும்போது தூரத்திலிருந்து நான் என் முழங்கையை ஆட்டிக் காட்டினால் போதும், புரிந்துகொள்வார். இருபது நிமிஷம் ஓட்டினால் இறங்கி உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும், அது என் வகுப்பில் கட்டாயம். களைத்த கை எதையும் கற்காது. அப்புறம் துப்பட்டாவைப் பின் குத்திக்கொள்வது, ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட், அதன் பட்டையை மாட்டுவது. இவை இல்லாமல் சாவியே கொடுக்க மாட்டேன்.

எனக்கே கடினமாக இருந்தது வாயை மூடிக்கொள்வதுதான். வண்டி ஓடும்போது நான் பேசுவதில்லை. நின்ற பிறகும் முதலில் நான் பேசுவதில்லை. போன வாரம் அக்கா எட்டுப் போட்டுவிட்டு வந்து நின்றார்.

"எப்படி இருந்துச்சு அக்கா?"

"ரெண்டாவது வளைவுல வண்டி எங்கயோ இழுத்துக்கிட்டுப் போச்சு தம்பி."

"அப்ப எங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாட்டிலத்தான்."

"சரி, போயிட்டு வாங்க."

அவ்வளவுதான். அடுத்த சுற்றில் நான் விரலைக் காட்டுவதற்கு முன்பே அவர் தலை திரும்பிவிட்டது. தப்பை நான் சொல்லியிருந்தால் தலையை ஆட்டிவிட்டு மறந்திருப்பார். தானே கண்டுபிடித்த தப்பை யாரும் மறப்பதில்லை. "புரிஞ்சுதா?" என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். ஆசிரியர் கேட்டால் புரிந்தது என்று சொல்வது நம் பள்ளிக்கூடப் பழக்கம். "எனக்குப் பழக்கிவிடுங்க அக்கா, எப்படி நிறுத்தணும்?" என்று கேளுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே நமக்கு வேலை இருக்கிறது. ஒரு தடவைக்கு ஒரு திருத்தம் மட்டும் சொல்லுங்கள். நான்கு தப்பு தெரிந்தாலும் மூன்றை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருகிற எல்லோரும் வீட்டில் ஒரு பாடம் கேட்டுவிட்டு வருகிறார்கள்: முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவாய். இதனால் வருஷக்கணக்கில் பின் பிரேக்கை மட்டும் மிதித்து ஓட்டுகிறவர்கள் நிறைய. பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டால் நாம் எல்லோரும் முன்னால் சாய்கிறோம் இல்லையா, வண்டியின் எடையும் அப்படித்தான் முன் சக்கரத்துக்குப் போகிறது. எடை இருக்கிற சக்கரம்தான் தரையைக் கவ்வும், அதனால் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கு. வண்டி நேராக இருக்கும்போது, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி முதலில் மெதுவாக, பிறகு இறுக்கி. பின் பிரேக்கும் கூடவே. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் கட்டாயம், அதற்குக் கீழே, ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் பிடிக்கிற சிபிஎஸ்ஸாவது இருக்கும். அக்காவின் வண்டி அதற்கு முந்தியது, இரண்டும் கிடையாது. அவர் விரல்தான் எல்லாம்.

பிரேக் பாடத்துக்கு முன்னால் ஒரு நடை நடக்க வைப்பேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர். ஏறக்குறைய 15 எட்டு வைத்து நடக்கிற தூரம். கோடு போட்டு நடந்து பார்த்துவிட்டு அக்கா திரும்பி நின்றார். "இவ்வளவு தூரம் போன பிறகுதான் பிரேக்கே பிடிப்பேனா?" என்றார். ஆமாம். பார்த்து, மூளைக்கு எட்டி, விரல் அசைவதற்குள் அவ்வளவு தூரம் போய்விடும்.

ரோட்டைப் பழக்குவதற்கு நான் செய்வது, இடத்தை மாற்றிக்கொள்வது. நான் ஓட்டுவேன், பழகுகிறவர் பின்னால் உட்காருவார். கண்ணில் படுகிற ஆபத்தையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். சில்வர் பீச் ரோட்டில் காற்று கொண்டுவந்து போட்ட மணல், சட்டென்று நிற்கும் ஷேர் ஆட்டோ, நெல்லிக்குப்பம் ரோட்டில் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர். மூன்றாம் நாள் ஒரு ஸ்டாப்பிங்கில் பஸ் நின்றிருந்தது. நான் தாண்டப் போனேன். "தம்பி, பஸ்ஸுக்குக் கீழ கால் தெரியுது" என்றார் அக்கா. வேகத்தைக் குறைத்தேன். பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை குறுக்கே ஓடியது. நான் பார்க்காததை அவர் பார்த்தார். அன்றைக்கே தெரிந்துவிட்டது, இவர் ரோட்டுக்குத் தயார்.

வேறு வண்டிக்கு மாறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பிளெண்டரில் நான்கு கியரும் முன்னால் மிதிப்பது. வேறு பல வண்டிகளில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. வண்டி மாறும் நாளில் பழையபடி மைதானத்துக்கு வந்து அரை மணி நேரம் பழக்கிவிட்டு அனுப்புங்கள்.

அதோ, அக்கா வருகிறார். ஹெல்மெட் பட்டையை மாட்டிக்கொண்டே நடந்து வருகிறார். எல்எல்ஆர், அதாவது பழகுநர் லைசென்ஸ், எடுத்து ஒரு மாதம் முடியப் போகிறது, அடுத்து டெஸ்ட். இன்றைக்கு முதல் முறையாக ரோட்டில் அவரே ஓட்டப் போகிறார். எல்எல்ஆரில் ரோட்டில் ஓட்டும்போது லைசென்ஸ் உள்ள பயிற்றுநர் கூட இருக்க வேண்டும், வேறு யாரையும் ஏற்றக்கூடாது. வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' முன்னாலும் பின்னாலும் ஒட்டிவிட்டேன். என் எடை பழகட்டும் என்று நேற்று இங்கேயே அரை மணி நேரம் பின்னால் உட்கார்ந்து சுற்றினோம், ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கு கெடிலம் பாலம் வரைக்கும் போய்த் திரும்புவோம். நான் பின்னால்தான் உட்காரப் போகிறேன், இரண்டு கையும் என் முட்டி மேல் இருக்கும். கேமராவை நிறுத்துகிறேன்.