எனக்குச் சாயங்காலத்தைத் திருப்பிக் கொடுத்த ஊர்

நடுவர் ஐயா அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணி நண்பர்களே, இந்தப் பனியிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

குடும்பத்தோடு நிறைவாக வாழ ஏற்றது பெருநகரமா, நடுத்தர நகரமா என்பது இன்றைய கேள்வி. நடுத்தர நகரமே என்று பேச வந்திருக்கிறேன். பல ஊர்களைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. வாழ்ந்து பார்த்த இரண்டு ஊர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சென்னையில் 11 ஆண்டுகள் இருந்தேன். திருச்சிக்கு வந்து இது ஐந்தாவது ஆண்டு.

எதிரணித் தலைவர், "வாய்ப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் வாழ்க்கை" என்றார். நாங்களும் அதை நம்பித்தான் சென்னைக்குப் போனோம் ஐயா. வீடு பெருங்களத்தூரில். எனக்கு வேலை சிறுசேரியில், என் கணவருக்கு அம்பத்தூரில். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். திரும்பி வீட்டுப் படி ஏறும்போது மணி எட்டரை. மழை பெய்தால் பத்து. மகளை மாமியார்தான் வளர்த்தார்கள். ஒரு நாள் பள்ளியில் 'என் குடும்பம்' என்று படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டி தோசை சுடுவது போலவும், தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவும் வரைந்திருந்தாள். அப்பாவும் அம்மாவும் எங்கே என்று தேடினேன். ஒரு மூலையில் இரண்டு பேரும் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தோம். அவள் பார்த்ததை வரைந்திருக்கிறாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சென்னையே தண்ணீருக்குத் தவித்த 2019 கோடையை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்தது. அந்த மாதங்களில் எங்கள் குடியிருப்பில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம்தான் குழாய் வரும். மாலைத் தண்ணீரைப் பிடிக்க நாங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. அறுபத்தெட்டு வயது மாமியார் குடம் தூக்கினார்கள். போய்விடலாம் என்று நாங்கள் முடிவெடுத்தது அப்போதுதான். நடைமுறைக்கு வர இரண்டு ஆண்டு ஆனது.

சம்பளம் குறைந்தது. இருவருக்கும் சேர்த்து முன்பு வந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான் இப்போது வருகிறது. மறைக்க விரும்பவில்லை. தொழிலைப் பற்றி எதிரணி சொன்னதிலும் உண்மை இருக்கிறது. 1960-களில் திருவெறும்பூரில் பெல் என்ற மத்திய அரசின் கொதிகலன் ஆலை வந்தது, அதை நம்பித் துவாக்குடிப் பக்கம் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன. பெல்லுக்கு ஆர்டர் குறைந்தபோது அவற்றில் பல முடங்கிப் போயின. நவல்பட்டில் ஐ.டி. பூங்கா இருக்கிறது, இங்கே படித்து வெளியே வரும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு அது போதாது. இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் பேசுகிறேன்.

ஆனால் இந்த ஊருக்கு இடம் மாறி வந்தவர்களை வைத்துக்கொள்ளத் தெரியும். புனித வளனார் கல்லூரி 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கியது, 1883-ல் திருச்சிக்கு வந்தது. ராமேஸ்வரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் படித்தது அங்கேதான். பொன்மலை ரயில்வே பணிமனையும் நாகப்பட்டினத்தில் இருந்ததுதான், 1928-ல் இங்கே வந்தது. அந்தப் பணிமனையை நம்பி எங்கெங்கிருந்தோ வந்து தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தங்களைத் திருச்சிக்காரர்கள் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

2011 கணக்கெடுப்பில் சென்னையும் அதைச் சுற்றிய பகுதியும் சேர்ந்து 86 லட்சம் பேருக்கு மேல். திருச்சி மாநகராட்சி எட்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த வித்தியாசம் எனக்கு எங்கே தெரிகிறது என்றால், சாயங்காலத்தில் தெரிகிறது. கன்டோன்மென்டில் அலுவலகம், திருவானைக்காவலில் வீடு. ஐந்தே முக்காலுக்கு ஸ்கூட்டியை எடுத்தால் ஆறேகாலுக்கு வீடு. வண்டி ரிப்பேர் என்றால் ஒன்றாம் நம்பர் பஸ் இருக்கிறது, ஒன்றை விட்டால் அடுத்தது பின்னாலேயே வரும். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று, அது இல்லாமல் 11 வருஷம் வாழ்ந்தவளுக்குத்தான் தெரியும் ஐயா.

மருத்துவத்தைப் பற்றி எதிரணித் தம்பி பேசினார். அரிய அறுவை சிகிச்சைக்குச் சென்னை போகத்தான் வேண்டும், சரி. மாமியாருக்கு வாரம் மூன்று நாள் முழங்காலுக்குப் பயிற்சி, மாதம் ஒரு தடவை சர்க்கரை பார்க்க வேண்டும். சென்னையில் இருந்தபோது அதற்கு நாங்கள் இருவரில் ஒருவர் விடுப்பு எடுப்போம். இங்கே அவர்களே ஆட்டோவில் போய்விட்டுப் பத்து மணிக்குள் வந்து, ரசம் வைத்துவிடுகிறார்கள்.

எதிரணியில் சகோதரி ஒருவர் சொன்னதுதான் என்னை நிஜமாகவே யோசிக்க வைத்தது. "பெருநகரத்தில் யாரும் உன்னை யார் என்று கேட்க மாட்டார்கள், எத்தனை மணிக்கு வந்தாய் என்று கேட்க மாட்டார்கள், ஒரு பெண்ணுக்கு அதுதான் சுதந்திரம்" என்றார். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. திருச்சியில் வீடு தேடியபோது ஒரு வீட்டுக்காரர் "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகவே கேட்டார். அந்த வீடு வேண்டாம் என்று வந்துவிட்டோம். அந்தக் கேள்வி எந்த ஊரில் கேட்டாலும் தப்புதான். ஆனால் சகோதரி, சென்னையிலும் வீட்டுக்கு முன்னால் 'சைவம் மட்டும்' என்று போர்டு மாட்டியிருந்ததே. கேள்வியை எழுதி மாட்டிவிட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

யாரும் நம்மைக் கேட்காத ஊரில் யாருக்கும் நம்மை அடையாளம் தெரியாது என்பதும் உண்டு. ஒரு நாள் மகளை அழைத்து வரும் ஆட்டோ வழியில் நின்றுவிட்டது. மாற்றி ஏற்றி வந்த வேறொரு ஆட்டோக்காரர், வீட்டுக்கு இரண்டு தெரு முன்னாலேயே கடைத்தெருவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். எட்டு வயதுப் பிள்ளை அழுதுகொண்டு நின்றிருக்கிறது. பூக்கார அம்மா பார்த்துவிட்டு, "கண்ணாடி போட்டுக்கிட்டு ஸ்கூட்டியில வருமே, அது பொண்ணுதானே நீ?" என்று கேட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, தொடுக்கிற நாரை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தன் மகனை எங்கள் வீட்டுக்கு ஓட விட்டிருக்கிறார். நான் பதறிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மகள் முழம் போடக் கற்றுக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவுக்கு அன்று வரை என் பெயர் தெரியாது. வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு முழம் கதம்பம் வாங்குகிறவள் என்று மட்டும் தெரியும்.

சின்ன ஊர் என்பதால் வரும் கஷ்டமும் உண்டு. 2022 செப்டம்பரில் காவிரிப் பாலத்தைப் பராமரிப்புக்காக மூடினார்கள், 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த மாதங்களில் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஸ்ரீரங்கம் பக்கம் இருந்தவர்கள் பலரும் சுற்றித்தான் போனோம், வந்தோம். வெயில் காலத்தில் மத்தியானம் தெருவில் இறங்க முடியாது. ஆறு மணலாகக் கிடக்கும்.

அந்த மணலைப் பற்றி ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன், நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார்கள். மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் எங்கள் தெருவில் ஒரே பேச்சுதான்: ஊருக்கு மேற்கே இருக்கும் முக்கொம்பு அணைக்குத் தண்ணீர் வந்துவிட்டதா? ஒரு வருடம் மகள் என்னை நச்சரித்து, வேலை முடிந்து வந்ததும் பாலத்துக்கு இழுத்துப் போனாள். மாமியாரும் வந்தார்கள். கைப்பிடிச் சுவரோரம் ஊரே நின்றது. முதலில் மணலில் ஈரக் கோடு மாதிரி ஒன்று தெரிந்தது. அது அகலமாகி, எங்கள் காலுக்குக் கீழே போனது. யாரோ பூ போட்டார்கள். மகளும் போட்டாள், அவளே தொடுத்தது. அப்போது மணி ஆறரை. நான் அங்கே இருந்தேன் ஐயா.

தீர்ப்பை உங்களிடம் விட்டுவிடுகிறேன். நன்றி, வணக்கம்.