பெல்ஜியத்தின் அன்றாட பீர்

நேயர்களுக்கு வணக்கம். பெல்ஜியம் போகிற ஒருவரிடம் நண்பர்கள் எழுதிக் கொடுக்கும் பட்டியலில் மடத்துத் துறவிகளின் டிராப்பிஸ்ட் பீர்கள்தான் முதலில் இருக்கும். வெஸ்ட்மாலே, ஓர்வால், ஷிமே எல்லாமே அருமையானவை. ஆனால் உள்ளூர்க்காரர் வேலை முடிந்து வந்து கேட்பது பெரும்பாலும் 25 சென்டிலிட்டர் கோப்பையில் ஒரு சாதாரண பில்ஸ்தான், அதாவது வெளிர்மஞ்சள் நிறத்தில் இலேசாக இருக்கும் பீர். பயணியும் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எந்த பில்ஸ் என்பதில் ஊர்ப்பற்று உண்டு. லீஜ் நகரை ஒட்டிய ஜூப்பீயில் பிறந்தது ஜூப்பிலேர். நாட்டின் முதல்நிலைக் கால்பந்து லீக்கே அதன் பெயரைத் தாங்கியிருக்கிறது. லூவனில் ஸ்டெல்லா ஆர்ட்வா. 1926-ல் கிறிஸ்துமஸுக்காகக் காய்ச்சத் தொடங்கிய பீர் அது. வெளிநாடுகளில் உயர்தர பீர் என்று விற்பதை இங்கே யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. லிம்பர்க் பக்கம் போனால் கிறிஸ்டல். மூன்றிலும் ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டித்தான். சுவையிலும் பெரிய வேறுபாடு தெரியாது. கிறிஸ்டலில் மட்டும் ஹாப்ஸ் பூவின் கசப்பு கொஞ்சம் தூக்கலாக எனக்குப் பட்டது.

இவ்வளவு மலிவான பீருக்கும் அவர்கள் காட்டும் அக்கறை என்னை மிகவும் கவர்ந்தது. கோப்பையைக் குளிர்ந்த நீரில் அலசி, சாய்த்துப் பிடித்து ஊற்றி, மேலே வழியும் நுரையைத் தட்டையான கத்தியால் சீவி விட்டுத்தான் கையில் தருகிறார்கள். 2016-ல் யுனெஸ்கோ பெல்ஜியத்தின் பீர் பண்பாட்டை மரபுப் பட்டியலில் சேர்த்தது. இந்தச் சின்னச் சின்ன ஒழுங்குகளைப் பார்க்கும்போது அது சரியான முடிவு என்றே சொல்வேன்.

இதையும்விட மலிவு வேண்டுமா? கோல்ருய்ட் சூப்பர் மார்க்கெட்டின் காரா பில்ஸ் இருக்கிறது, சிவப்பு கேனில். மாணவர்களின் பீர். 2015-ல் அந்தப் பெயரை மாற்ற நிறுவனம் நினைத்தபோது எழுந்த எதிர்ப்பில், பெயரை அப்படியே விட்டுவிட்டார்கள். சுவை மெலிதுதான், நன்றாகக் குளிர வைத்துக் குடிக்க வேண்டும்.

ஆனால் குறைந்த செலவில் உண்மையான வியப்பு வேண்டுமென்றால் பில்ஸைத் தாண்டி வாருங்கள். ஹூகார்டன் கிராமத்தில் வெள்ளை பீர் எனப்படும் கோதுமை பீரின் கடைசி ஆலை 1957-ல் மூடப்பட்டது. பால் விற்றுக்கொண்டிருந்த பியேர் செலிஸ் என்பவர் 1960-களில் அதே பாணியில் மறுபடி காய்ச்சத் தொடங்கினார். முளைகட்டாத கோதுமை, ஆரஞ்சுத் தோல், கூடவே நம் அடுக்களையில் இருக்கும் அதே கொத்தமல்லி விதை! ஒரு மனிதரின் பிடிவாதத்தால் பிழைத்த சுவை இன்று ஹூகார்டன் என்ற பெயரிலேயே எந்தக் கடையிலும் சாதாரணமாகக் கிடைக்கிறது. ஆன்ட்வெர்ப் போனால் டி கோனிங்க். வட்டமான கோப்பையில் வரும் செம்பழுப்பு பீர். 'ஒரு போலக்க' என்று அந்தக் கோப்பையின் பெயரைச் சொல்லிக் கேட்டாலே போதும். அப்புறம் ரூசலாரே ஊரின் ரோடன்பாக். பெரிய ஓக் மரத் தொட்டிகளில் நாள்பட வைத்த பீரை இளம் பீரோடு கலப்பதால் அதில் பழப்புளிப்பு இருக்கும். முதல் வாயில் முகம் சுளித்தாலும் கோப்பையை முடித்துப் பாருங்கள். மலிவானவற்றில் என் முதல் தேர்வு அதுதான்.

கடையில் கண்ணாடி பாட்டிலாக வாங்கினால் அதற்கு ஒரு சிறு டெபாசிட் சேர்த்து வாங்குவார்கள். காலி பாட்டிலை சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டு, வரும் சீட்டைப் பணம் கட்டும் இடத்தில் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும். இன்னொன்று: அதே அலமாரியில் இருக்கும் டூவெலில் ஆல்கஹால் 8.5 சதவீதம், வெஸ்ட்மாலே டிரிப்பலில் 9.5 சதவீதம். பில்ஸ் குடிக்கிற வேகத்தில் அவற்றைக் குடிக்கக் கூடாது. வாங்கும் முன் பாட்டிலில் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.