கோலோக் ஆற்றின் இரு கரைகள்: நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். பினாங்கின் பழைய எல்லைகளைப் பற்றி நான் பேசிய காணொளியைப் பார்த்துவிட்டு, பிறையிலிருந்து ஓர் அன்பர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "ஐயா, கோலோக் ஆற்றுக்கு இந்தப் பக்கம் கிளந்தான், அந்தப் பக்கம் தாய்லாந்தின் நராத்திவாட். இரு கரையிலும் மலாய்க்காரர்கள்தாம். பேச்சும் ஒன்று, தொழுகையும் ஒன்று. நம் பக்கம் அமைதியாக இருக்கும்போது அந்தப் பக்கம் மட்டும் ஏன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குண்டு வெடிக்கிறது? 1909-இல் வெள்ளைக்காரன் போட்ட கோடுதானே காரணம்?"

கோடும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கோட்டைப் போட்ட பிறகு அந்தந்த அரசு தன் கரைக்கு யாரை அதிகாரியாக அனுப்பியது, அந்த அதிகாரி எந்த மொழியில் வரி கேட்டார், பிள்ளைகளுக்கு எந்த மொழியில் பாடம் நடத்தப்பட்டது என்பவற்றையே நான் பெரிய காரணமாகக் கருதுகிறேன்.

எல்லை என்ற சொல்லுக்கே அன்றைக்கு வேறு பொருள் இருந்தது. பட்டர்வொர்த்திலிருந்து சுங்கைப் பட்டாணிக்குப் போகும்போது மூடா ஆற்றுப் பாலத்தைக் கடக்கிறோம். கார் ஓட்டுகிறவர் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. பினாங்கின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறை 1800-இல் கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் வந்ததிலிருந்து 1909 வரை, ஒரு கரையில் பிரிட்டிஷ் ஆட்சி, மறு கரையில் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, திறை செலுத்திய கெடா. கெடா சுல்தான் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பொன்னாலும் வெள்ளியாலும் செய்த சிறு மரங்களை, அதாவது புங்கா மாஸை, பாங்காக்குக்கு அனுப்பிவைப்பார். அதைச் செலுத்தியபின் உள்ளூர் நிர்வாகம் பெரும்பாலும் அவர் கையில்தான் இருந்தது. இன்றைய நராத்திவாட்டையும் உள்ளடக்கியிருந்த மலாய் அரசாகிய பத்தானியும் ஒரு காலத்தில் அப்படி இருந்த நாடுதான்.

பிரிட்டிஷ்காரர் வடக்கு நோக்கி நகர நகர, அந்தத் தளர்வான உறவு தனக்கு ஆபத்து என்று சயாம் கருதியது. மன்னர் சூலாலங்கோர்னும், 1892 முதல் உள்துறையைக் கவனித்த இளவரசர் தாம்ரோங்கும் எல்லைப் பகுதிகளை நேரடியாகத் தலைநகரின் ஆட்சிக்குக் கீழே கொண்டுவரத் தொடங்கினார்கள். பத்தானியின் ராஜா அப்துல் காதிர் அதை ஏற்க மறுத்தார். 1902-இல் அவரைக் கைது செய்து, வடக்கே வெகுதொலைவிலுள்ள பிட்சனுலோக்கில் சிறை வைத்தார்கள். நம் நேயர் குறிப்பிட்ட 1909-க்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது.

பிறகுதான் 1909 மார்ச் 10-ஆம் தேதி பாங்காக்கில் அந்த உடன்படிக்கை கையெழுத்தானது. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கும் பிரிட்டிஷ் பக்கம் வந்தன. பத்தானி சயாமிடமே நின்றுவிட்டது. பதிலுக்குச் சயாம், தன் மண்ணில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடிமக்கள்மீது தன் நீதிமன்றங்களுக்கு அதிகாரத்தைப் பெற்றதோடு, தெற்கு ரயில் பாதைக்காக 40 லட்சம் பவுன் கடனும் பெற்றது. 1918-இல் பாடாங் பெசாரில் இரு நாட்டுத் தண்டவாளங்களும் இணைந்தன. இன்றும் அந்த ஒரே நிலையத்தில் இரு நாட்டுக் குடிநுழைவு அதிகாரிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். கடப்பிதழில் நம் முத்திரை விழுந்து சில அடிகள் நடந்தால் அவர்கள் முத்திரை விழுகிறது, கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்ப வேண்டியதுதான். அந்த வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு, ஜப்பானியர் காலத்தில் தோட்டங்களிலிருந்து இதே வழியாகச் சயாம் மரண ரயில் வேலைக்கு ஏற்றிச் செல்லப்பட்டு, திரும்பி வராத நம்மவர்களின் நினைவுதான் வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எல்லை முடிவான பின் சயாம் செய்தவற்றுள் ஆழமான காயத்தை உண்டாக்கியது பள்ளிக்கூடம் என்பது என் கருத்து. 1921-இல் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. மலாய்ப் பிள்ளைகள் தாய்மொழி அல்லாத மொழியில் படிக்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டே பத்தானியில் கிளர்ச்சி வெடித்தது. பின்னர் பிரதமர் பிபூனின் ஆட்சி உடை, மொழி, பழக்கவழக்கம் அனைத்தும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று ஆணைகள் பிறப்பித்தது. 1947-இல் ஹாஜி சுலோங் என்னும் சமய அறிஞர் ஏழு கோரிக்கைகளை முன்வைத்தார். உள்ளூரில் பிறந்தவரே தலைமை நிர்வாகியாக இருக்க வேண்டும், வசூலாகும் வரி அங்கேயே செலவிடப்பட வேண்டும், தொடக்கப் பள்ளியில் மலாய் இருக்க வேண்டும் என்பவை அவற்றுள் சில. அடுத்த ஆண்டு ஜனவரியில் அவரைக் கைது செய்தார்கள். 1954-இல் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லி அழைக்கப்பட்டுப் போனவர், பிறகு வீடு திரும்பவே இல்லை.

தாய்மொழிப் பள்ளி ஒரு சமூகத்துக்கு என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1816-இல் இந்தப் பினாங்கில் தொடங்கிய ஒரு தமிழ் வகுப்பைத்தானே இன்றும் நம் தமிழ்ப்பள்ளி வரலாற்றின் தொடக்கமாகக் கொண்டாடுகிறோம்?

இந்தக் கரையில் பிரிட்டிஷ்காரர் நல்லவர்களாக இருந்தார்கள் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். சுல்தானை அரியணையில் வைத்துப் பக்கத்தில் ஓர் ஆலோசகரை உட்காரவைப்பது அவர்களுக்குச் செலவு குறைந்த வழி. கிளந்தானில் புதிய வரிமுறையும் வெளியிலிருந்து வந்த மாவட்ட அதிகாரியின் கெடுபிடியும் சேர்ந்தபோது, 1915-இல் பாசிர் பூத்தேயில் தோக் ஜாங்குட் கிளர்ந்தெழுந்தார். அவரைக் கொன்று, உடலைக் கோத்தா பாருவில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். ஆனாலும் சுல்தான், சமயம், மலாய் நிர்வாகம் ஆகியவை நின்றன. 1923-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கெடா, சுல்தானின் சம்மதம் இல்லாமல் வேறு எதனோடும் இணைக்கப்படக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டது.

மதமும் இனமும் மட்டுமே காரணம் என்று சொல்வோருக்குச் சதுனைக் காட்டுவேன். பழைய கெடாவின் பகுதியாகிய அந்த மாநிலம் 1909-இல் சயாமிடமே தங்கியது. மக்களில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள், பெரும்பாலோர் பேசுவது தாய் மொழி. பத்தானியைப் போல இழந்த அரசின் நினைவு அங்கே கனன்றுகொண்டிருக்கவில்லை, கிளர்ச்சியும் வேர்விடவில்லை.

இன்றைய நிலை என்னவென்றும் கேட்பீர்கள். 2004 அக்டோபர் 25, நோன்பு மாதம். கோலோக் ஆற்றின் முகத்துவாரத்தில், நராத்திவாட் பக்கமுள்ள தாக் பாயில் காவல் நிலையத்தின் முன் கூடியவர்களைப் பிடித்துக் கைகளைப் பின்னால் கட்டி, ராணுவ லாரிகளில் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கி ஏற்றினார்கள்; 78 பேர் வழியிலேயே மூச்சுத் திணறி இறந்தார்கள். சுட்டுக் கொல்லப்பட்டவர்களையும் சேர்த்து 85 பேர். இருபது ஆண்டுக் காலவரம்பு முடிந்து 2024-இல் அந்த வழக்கும் காலாவதியாயிற்று, ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. தாய்லாந்து அரசும் கிளர்ச்சியாளர் தரப்பும் 2013 பிப்ரவரி 28-இல் கோலாலம்பூரில் கையெழுத்திட்ட ஒப்புதலுக்குப் பின் மலேசியா நடுவில் நின்று பேச்சுவார்த்தைக்கு உதவிவருகிறது. ஆனால் இப்படி ஒரு வழக்கு முடிந்துபோனதைப் பார்த்த தாய்மார்களிடம் பேச்சுவார்த்தையை நம்புங்கள் என்று சொல்வது எளிதன்று.

அன்பர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோடு நம் பக்கத்திலும் ஒரு சிறுபான்மையை விட்டுவைத்தது. தாக் பாய்க்கு எதிர்க்கரையிலுள்ள தும்பாட்டில் சயாமியர் கிராமங்கள் இருக்கின்றன. அவர்கள் வீட்டில் தாய் பேசுகிறார்கள், பௌத்த விகாரைகளில் வழிபடுகிறார்கள். அவர்களுடைய தலைமைப் பிக்குவுக்குப் பதவி அளிப்பவர் கிளந்தான் சுல்தான்.