ஜாவா கிராமத்தில் ஒரு ரோந்து ராத்திரி | மாட்டுக்கும் வயலுக்கும் உயிருக்கும் இங்கே யார் காவல்?

வணக்கம் மக்களே. வெளிச்சம் குறைவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள், இந்தக் கொட்டகையில் ஒரே ஒரு பல்பு. நான் இருப்பது மத்திய ஜாவாவில் கிளாத்தென் மாவட்டம். யோக்யகர்த்தாவுக்கும் சோலோவுக்கும் நடுவில், எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல். ரோஜோலெலெ அரிசி என்று ஒன்று உண்டு, ஜாவாக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள், அதற்குப் பேர்போன டெலாங்கு இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. நான் தங்கியிருக்கும் வீட்டுப் பெரியவரை பாக்தே என்று கூப்பிடுகிறேன், அவர் மனைவி பூதே. மாட்டைக் காட்டலாம், ஊர்ப் பெயர் மட்டும் வேண்டாம் என்று பாக்தே சொல்லிவிட்டார். ஏன் என்று போகப்போகப் புரியும்.

இது ஊர்க்காவல் கொட்டகை. நான்கு கால், ஓட்டுக் கூரை, உட்கார ஒரு மேடை. இதோ தொங்குகிறதே, இதுதான் கெந்தொங்கான். மரத்தைக் குடைந்து, நடுவில் நீளமாக ஒரு வாய் விட்டிருக்கிறார்கள். சில ஊர்களில் மூங்கிலில் செய்வார்கள். பக்கத்தில் பலகையில் எந்த அடிக்கு என்ன அர்த்தம் என்று பெயின்டில் எழுதியிருக்கிறது. ஒவ்வொன்றாக விட்டுவிட்டு அடித்தால் கொலை. இரண்டிரண்டாக அடித்தால் திருடன். மூன்று மூன்றாக என்றால் தீ. நான்கு நான்காக என்றால் வெள்ளம், நிலநடுக்கம் மாதிரி. ஐந்து ஐந்தாக அடித்தால் கால்நடைத் திருட்டு. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், ஆனால் இதில் ஒன்றைக் கவனியுங்கள்: திருட்டுக்கு ஒரு அடி, மாட்டுத் திருட்டுக்குத் தனியாக ஒரு அடி. இந்த ஊரில் சொத்து என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அடித்துக் காட்டுங்கள் என்று கேட்காதீர்கள், விளையாட்டுக்கு ஒரு தட்டு தட்டினால்கூட ஐந்து நிமிடத்தில் பாதி ஊர் அரிவாளோடு வந்து நிற்கும்.

இன்றைக்கு இந்தத் தெருவுக்கு ரோண்டா முறை. ரோண்டா என்றால் ராத்திரி ரோந்து. சம்பளம் கிடையாது, வீட்டுக்கு ஒரு ஆண் வாரத்தில் ஒரு ராத்திரி வர வேண்டும், வராதவர் அபராதம் கட்டுவார் அல்லது அடுத்த முறை எல்லாருக்கும் காபி வாங்கித் தருவார். வந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? உண்மையைச் சொன்னால் முக்கால்வாசி நேரம் டோமினோ ஆடுகிறார்கள். இதோ, அவித்த வேர்க்கடலை, மரவள்ளி, இனிப்புத் தேநீர். நடுநிசிக்கு மேல்தான் எழுந்து டார்ச் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறார்கள்.

அந்தச் சுற்றில்தான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும், ஆள் உயரத்துக்குச் சுவரில் ஒரு சின்ன டப்பா ஆணியில் தொங்கும். தண்ணீர் விற்கும் பிளாஸ்டிக் கப், பழைய பால் டின், எதுவாக இருந்தாலும் சரி. வீட்டுக்காரர் தூங்கப் போகும் முன் அதில் 500 ரூபியா நாணயம் ஒன்று போட்டு வைப்பார். முன்பெல்லாம் ஒரு பிடி அரிசி, இன்னும் அரிசியே போடுகிற ஊர்களும் உண்டு. ரோந்து வருகிறவர்கள் நாணயத்தை எடுத்து நோட்டில் ஒரு டிக் போடுவார்கள். ஜிம்பித்தான் என்று பெயர். 500 ரூபியா நம் பணத்தில் மூன்று ரூபாய்கூட வராது. ஆனால் எல்லா வீட்டிலும் தினமும் எடுத்தால் தெரு விளக்கு, ஓடைக்குச் சிமெண்ட் மூடி, கல்யாணத்துக்கு வாடகையில்லாத நாற்காலி, தட்டு எல்லாம் அதிலேயே நடக்கும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு வீட்டு வாசலையும் ஒருவர் ராத்திரி தொட்டுவிட்டுப் போகிறார். டப்பா காலியாக இருந்தால் காலையில் கேள்வி வரும்: பாட்டிக்கு உடம்பு சரியில்லையா, வீட்டில் ஆள் இல்லையா? நோட்டுக் கணக்கும் சும்மா இல்லை, நம் ஊர் மொய் நோட்டு மாதிரிதான், உங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் யார் வந்து பந்தல் போடுவார்கள் என்பது அதில் இருக்கிறது.

சரி, இங்கே என்னதான் திருடு போகும்? பூட்டு போடாத வீடுகள் நிறைய. நெல்லைத் தார் ரோட்டின் ஓரமாகவே விரித்துக் காயவைக்கிறார்கள், ஒருவரும் தொடுவதில்லை. ஆனால் பச்சை நிறத்தில் மூன்று கிலோ கேஸ் சிலிண்டர் இருக்கிறதே, மானிய விலையில் வருவது, அதை அடுப்படிக்கு வெளியே விட்டால் போய்விடும். பள்ளிவாசல் வாசலில் புதுச் செருப்பைக் கழற்றினாலும் போய்விடும், அதற்கு இங்கே ஆயிரம் ஜோக் உண்டு. அப்புறம் பறவை. பாருங்கள், பாக்தே வீட்டுத் திண்ணையில் பகலில் கூண்டு தொங்கும், சாயங்காலம் ஆனதும் துணி போட்டு மூடி உள்ளே கொண்டுபோய்விடுவார். ‘முராய் பத்து’ என்று ஒரு பறவை, நன்றாகப் பாடினால் சில பத்து லட்சம் ரூபியாவுக்குப் போகும், போட்டியில் ஜெயித்த பறவை என்றால் விலை எங்கேயோ நிற்கும். பைக்கும் ராத்திரி நடுக்கூடத்தில் சோபாவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே மாடு. இதோ, அடுப்படியையும் தொழுவத்தையும் பிரிப்பது இந்த ஒரு மூங்கில் தட்டிதான். பூதே தோசைக்கல் அளவு இருக்கிற வாணலியில் டெம்பே, அதாவது புளிக்கவைத்த சோயாக் கட்டி, பொரிக்கும்போது, இந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது நமக்குக் கேட்கும். அவர் என்றால் காளைதான், பூதேயே மரியாதையோடுதான் பேசுகிறார். நல்ல காளையாக இருந்தால் இரண்டு கோடி ரூபியா போகும். மயங்கி விழாதீர்கள், நம் கணக்கில் ஒரு லட்சம் ரூபாயை ஒட்டி. இதுதான் வீட்டின் வங்கிக் கணக்கு: பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் வந்தால் விற்பார்கள், பக்ரீத்துக்கு முன்னால் விலை ஏறும்போது விற்பார்கள். அதனால்தான் ஊர்ப் பெயரைச் சொல்லாதே என்கிறார். திருடன் வேனில் வந்து ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றிக்கொண்டு போய்விட்டால் ஒரு குடும்பத்தின் சில வருடம் போச்சு. பக்கத்தில் யோக்யகர்த்தா பக்கம், பந்துல் மாதிரி இடங்களில், இதற்காகவே பல வீட்டு மாடுகளை ஒரே பொதுத் தொழுவத்தில் கட்டி முறைவைத்துக் காவல் காக்கிறார்கள்.

நிலத்தைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பாக்தேவுக்கு 2,000 சதுர மீட்டர், அரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அரை ஹெக்டேருக்குக் கீழே வைத்திருப்பவரை இங்கே சிறு விவசாயி என்றுகூடச் சொல்வதில்லை, அதற்கும் கீழான ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஜாவாவில் பெரும்பாலோர் அந்த ரகம்தான். அப்பா சாகும்போது பிரியும், பிள்ளை சாகும்போது இன்னும் பிரியும். ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்று ஒரு வழக்கம், எல்லாருக்கும் சமம் என்று இன்னொரு வழக்கம், இரண்டும் ஒரே தெருவில் இருக்கின்றன. பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொள்கிற பிள்ளைக்கு வீடு போவதும் சகஜம். தன் நிலம் போதாது என்பதால் பாக்தே இன்னொருவர் வயலைப் பாதிப் பங்குக்கு உழுகிறார், விளைச்சலில் சரிபாதி நிலக்காரருக்கு. ஊர்த் தலைவருக்கும் அவர் கீழே இருப்பவர்களுக்கும் சம்பளத்தோடு பெங்கோக் என்று ஊர்ப் பொது வயல் உண்டு, பதவி இருக்கும்வரை அனுபவிக்கலாம், இறங்கினால் விட்டுவிட வேண்டும். அதனால் இங்கே பஞ்சாயத்துத் தேர்தலில் சண்டை எதற்கு என்று நான் கேட்கவே இல்லை.

பத்திரம்? பல குடும்பங்களில் ரொம்ப நாள் வரைக்கும் ஊர் அலுவலகத்தில் இருக்கிற ‘லெத்தெர் செ’ என்ற பழைய புத்தகத்தில் தாத்தா பெயர் இருந்ததுதான் ஆதாரம். வருடாவருடம் வரும் நிலவரி ரசீதையே பட்டா என்று நினைத்துப் பத்திரப்படுத்தியவர்களும் உண்டு. 2017 முதல் அரசு ஊர் ஊராக வந்து மொத்தமாக அளந்து சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தது. அளக்க வந்தபோதுதான் அண்ணன் தம்பி வரப்புச் சண்டை எல்லாம் வெளியே வந்தது. நல்லதுதான், அண்ணன் உயிரோடு இருக்கும்போதே வந்துவிட்டது. இதற்கு நடுவில் சோலோவிலிருந்து யோக்யகர்த்தாவுக்கு டோல் ரோடு இந்த மாவட்டத்து வயல்களை வெட்டிக்கொண்டு போகிறது, கிளாத்தென் வரைக்குமான பகுதி 2024 செப்டம்பரில் திறந்தாயிற்று. காகிதம் கையில் இருந்தவர் இழப்பீட்டை வாங்கினார், தாத்தா பெயரில் இருந்தவர் முதலில் பங்காளிகள் எல்லாரையும் தேடிக் கையெழுத்து வாங்கப் போனார்.

நாங்கள் வாங்கலாமா அண்ணா என்று கேட்பவர்களுக்கு: முடியாது. 1960-இல் வந்த நிலச் சட்டப்படி முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கி வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், பணமும் திரும்பாது. விவசாய நிலத்துக்கு இன்னொரு விதிகூட உண்டு, சொந்தக்காரர் அதே வட்டத்தில் குடியிருக்க வேண்டும் என்று 1961-இல் போட்டது. ஜகார்த்தாக்காரர்கள் அதைச் சுற்றி வழி கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். இவ்வளவு காவலும் திருடனுக்காக. ஆனால் இந்தப் பக்கத்தில் உயிரை எடுத்தது திருடன் இல்லை. 2006 மே 27, காலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நிலநடுக்கம், பந்துலிலும் இந்த கிளாத்தெனிலும் சேர்த்து 5,700 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் கம்பி வைக்காத செங்கல் சுவர்தான் விழுந்தது. வசதி வந்ததும் மூங்கில் தட்டியை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்தார்கள், கான்கிரீட் தூணுக்குச் செலவழிக்கவில்லை. பாக்தே வீட்டின் பழைய தேக்கு மரச் சட்டம் அன்றைக்கு ஆடி நின்றது, ஓடு மட்டும் கொட்டியது. பிறகு சேர்த்துக் கட்டிய அறைகளில் தூணைத் தட்டிக் காட்டுகிறார், உள்ளே கம்பி எத்தனை மில்லிமீட்டர் என்று மனப்பாடமாகச் சொல்கிறார்.

அப்புறம் எலி. கதிர் பிடிக்கிற நேரத்தில் ஒரு ராத்திரியில் ஒரு வயலையே காலி செய்துவிடும். அதற்காகச் சிலர் வரப்பைச் சுற்றி வெறும் கம்பி கட்டி வீட்டு மின்சாரத்தை விடுகிறார்கள். கிழக்கே ஸ்ராகென், ங்காவி பக்கமெல்லாம் இதில் சிக்கி இறந்த விவசாயிகள் பலர், கம்பி கட்டியவரே தன் கம்பியில் விழுந்த கதையும் உண்டு. தடை இருக்கிறது, ஆனாலும் கட்டுகிறார்கள். டெமாக் மாவட்டத்தில் த்லோகோவெரு என்று ஒரு ஊர், அவர்கள் வயல் முழுக்கக் கம்பம் நட்டு மேலே பெட்டி வைத்து கூகை வளர்த்தார்கள், எலி அடங்கியது. இங்கேயும் அந்தப் பெட்டிகள் வந்திருக்கின்றன, நாளைக் காலையில் காட்டுகிறேன். எலிக்காய்ச்சலும் இந்தப் பக்கம் உண்டு, காலில் புண்ணோடு சேற்றில் இறங்காதே என்று பூதே என்னைத் திட்டியது அதனால்தான்.

வடக்கே தெரிகிறதே, இல்லை, இருட்டில் தெரியாது, மெராபி எரிமலை அங்கே இருக்கிறது. 2010-இல் வெடித்தபோது 350 பேருக்கு மேல் போனார்கள். அப்போது முகாமிலிருந்து பகலில் மேலே ஓடிப்போன பலர் மாட்டுக்குப் புல் போடத்தான் போனார்கள். மாட்டை நாங்கள் விலைக்கு வாங்கிக்கொள்கிறோம், நீங்கள் கீழே இருங்கள் என்று அரசே சொல்ல வேண்டி வந்தது. சொத்துக்கும் உயிருக்கும் நடுவில் நிற்பது என்றால் இதுதான்.

இந்த ரோந்து முறையை ஆதிகால ஒற்றுமை என்று புல்லரித்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அவ்வளவு புல்லரிக்கவில்லை. கெந்தொங்கான் பழசுதான், ஆனால் சில பத்து வீடுகளை ஒரு கட்டாகக் கட்டி, அதற்கு ஒரு தலைவரும் வைக்கிற முறை 1944-இல் ஜப்பான் ராணுவம் ஜாவாவில் கொண்டுவந்தது, அரிசியையும் ஆட்களையும் கணக்கு வைக்க. இன்றைக்கு அந்தக் கட்டுக்கு எர்தே என்று பெயர், அதன் தலைவர் பாக் எர்தே. பிறகு ஜனாதிபதியாக இருந்த சுகார்த்தோ காலத்தில் அது இன்னும் இறுகியது. 24 மணி நேரத்துக்கு மேல் தங்கும் விருந்தாளி தகவல் தர வேண்டும் என்று ஊர் முனையில் நிற்கும் பலகை அந்த மனசுதான். காக்கிற கண்ணும் வேவு பார்க்கிற கண்ணும் ஒன்றேதான் இங்கே.

அந்தக் கண் தப்பாகப் பார்த்தால் என்ன ஆகும்? 2024 ஜூனில் பாத்தி மாவட்டத்தில், காணாமல் போன தன் வாடகைக் காரைத் தேடி ஜகார்த்தாவிலிருந்து ஒருவர் வந்தார். காரைக் கண்டுபிடித்து எடுத்தபோது யாரோ திருடன் என்று கத்தினார்கள். ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார், கூட வந்தவர்களுக்கும் பலத்த காயம். 1998-இல் கிழக்கு ஜாவாவின் பன்யுவாங்கியில் மந்திரவாதி என்று சொல்லி ஆட்களைக் கொன்ற காலத்தில், முகமூடிக்காரர்கள் வருகிறார்கள் என்ற வதந்தியில் ரோந்துக்காரர்கள் வழிப்போக்கர்களைப் பிடித்து அடித்ததும் நடந்தது. இங்கே கொட்டகையில் இதைப் பற்றிக் கேட்டேன். டோமினோவை வைத்துவிட்டு, பிடித்தால் முதலில் பாக் எர்தேயைக் கூப்பிடுவோம், பிறகு போலீஸ் என்றார்கள். ஒருவர் மட்டும், கூப்பிடுகிற நேரம் இருந்தால், என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஆகவே இந்தப் பக்கம் வருகிறவர்கள், முக்கியமாகத் தனியாக வருகிற பெண்கள், கேட்டுக்கொள்ளுங்கள். வந்து பையை வைத்ததும் பாக் எர்தே வீட்டுக்குப் போங்கள், பாஸ்போர்ட் நகல் ஒன்று கொடுங்கள், தேநீர் தந்தால் குடித்துவிட்டு வாருங்கள். அவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுவிடுவார், அதற்கப்புறம் நீங்கள் ராத்திரி பத்து மணிக்கு வழி தப்பினாலும் யாராவது உங்களை வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். எதிரே வருகிறவரிடம் மோங்கோ என்று சொல்லித் தலையைக் கொஞ்சம் குனியுங்கள். ட்ரோன் மட்டும் கேட்காமல் பறக்கவிடாதீர்கள், தொழுவத்துக்கு மேலே சுற்றினால் ஐந்து ஐந்தாக அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கூப்பிடுகிறார்கள், சுற்றுக்குக் கிளம்ப வேண்டும். வடக்குத் தெரு டப்பாக்கள் என் பொறுப்பு, நோட்டில் டிக் போடுவது பக்கத்து வீட்டு மாஸ், மாஸ் என்றால் இங்கே அண்ணன். அடுத்த வீடியோ மாட்டுச் சந்தையில், விலை பேசும் முறையோடு. வருகிறேன்.