ரத்தம் எடுத்தது எந்த நாளில்?

எல்லோருக்கும் வணக்கம்.

ஒரே வைரஸ்தான், ஒரே வீட்டில்தான் தொற்றுகிறது. ஒருவர் நாலு நாளில் எழுந்து நடமாடுகிறார், இன்னொருவருக்கு ஆக்சிஜன் வைக்க வேண்டியிருக்கிறது. வயது, சர்க்கரை நோய், மரபணு என்று காரணங்கள் பல. செல்லுக்குள், குறிப்பாக அதன் மைட்டோகாண்ட்ரியாவில், வைட்டமின், தாது போன்ற சத்து எவ்வளவு இருந்தது என்பதும் அவற்றில் ஒன்றா, அதை அளந்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் இன்றைய பேச்சு.

மைட்டோகாண்ட்ரியா என்றதும் பள்ளியில் படித்த ‘ஆற்றல் நிலையம்’ ஞாபகம் வரும். அது பாதிக் கதைதான். 2005-இல் நான்கு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக ஒரே புரதத்தைக் கண்டுபிடித்து, ஆளுக்கொரு பெயர் வைத்தன. இன்று அதை எம்.ஏ.வி.எஸ். என்கிறோம். அது இருக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு. பல வைரஸ்களின் ஆர்.என்.ஏ. செல்லுக்குள் தென்பட்டதும், வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் புரதத்தைச் சுரக்கச் சொல்லும் உத்தரவு இதன் வழியாகத்தான் போகிறது.

சத்துக்கும் வைரஸுக்கும் உள்ள உறவுக்கு நல்ல உதாரணம் கேஷான் நோய். 1935-இல் வடகிழக்குச் சீனாவின் கேஷான் பகுதியில் தெரியவந்த இதயத்தசை நோய் அது. குழந்தைகளும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் அதிகம் மாண்டார்கள். அந்த மண்ணில் செலினியம் என்ற தாதுச் சத்து மிகக் குறைவு. செலினியம் கொடுத்ததும் நோய் வெகுவாகக் குறைந்தது. ஆனால் செலினியக் குறை எப்போதும் இருக்க, நோய் மட்டும் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கியது ஏன்? நோயாளிகளிடம் காக்ஸாக்கி வைரஸ் கிடைத்தது. 1990-களில் ஆய்வாளர் மெலிண்டா பெக்கின் குழுவினர், இதயத்தைத் தாக்காத ஒரு காக்ஸாக்கி வகையைச் செலினியம் குறைந்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகளின் இதயம் கெட்டது. சரி, எதிர்பார்த்ததுதான். அந்த எலிகளிலிருந்து எடுத்த வைரஸை நன்றாகச் சாப்பிட்ட எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் இதயமும் கெட்டது! வைரஸின் மரபுச் செய்தியே மாறியிருந்தது.

அப்படியானால் எல்லோருக்கும் சத்தை அளந்துவிடலாமே? சிக்கல் அங்கேதான். உடம்பிலுள்ள துத்தநாகத்தில் ஏறத்தாழ 0.1 சதவீதம்தான் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் இருக்கிறது. வழியில் போகும் லாரியைப் பார்த்துக் கிடங்குச் சரக்கைக் கணக்கிடுவது மாதிரி. போதாக்குறைக்கு, தொற்று வந்ததும் கல்லீரல் துத்தநாகத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் அளவு இறங்குகிறது. இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டினோ நேர் எதிராக ஏறுகிறது. ஐ.சி.யூ.வில் எடுத்த ரத்தத்தில் துத்தநாகம் குறைவு என்றால், குறைவால் நோய் முற்றியதா, நோயால் குறைந்ததா? அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. நோய் வருவதற்கு முன் எடுத்துச் சேமித்த ரத்தம் வேண்டும். குறைந்தபட்சம் கூடவே, உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி.யாவது பார்க்க வேண்டும்.

சிவப்பணுவில் அளந்து ‘மைட்டோகாண்ட்ரியா சத்து’ என்று அறிக்கை தருபவர்களிடமும் ஒன்றைக் கேட்கலாம்: முதிர்ந்த சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியாவே கிடையாதே? மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் உண்டாக்கத் தேவைப்படும் கோஎன்சைம் கியூ10-ஐ ரத்தத்தில் அளப்பதிலும் சிக்கல்தான். ரத்தத்தில் அது கொழுப்போடு பயணிப்பதால், கொலஸ்ட்ரால் ஏறினால் அதுவும் ஏறும்.

எனக்குப் பிடித்தது தயமினுக்கான (வைட்டமின் பி1) பழைய சோதனை. சிவப்பணுவை உடைத்து, தயமின் இருந்தால்தான் வேலை செய்யும் டிரான்ஸ்கீட்டோலேஸ் நொதியின் வேகத்தைப் பார்க்கிறார்கள். அப்புறம் அதே மாதிரியில் தயமினின் செயல்படும் வடிவமான தயமின் டைபாஸ்பேட்டைச் சேர்த்து மறுபடி பார்க்கிறார்கள். வேகம் ஏறவில்லை என்றால் நொதி நிறைவாக இருந்தது. நன்றாக ஏறினால், அது சத்தில்லாமல் காத்துக் கிடந்தது. இந்த நொதி மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே வேலை செய்வதுதான். ஆனாலும் சத்து எவ்வளவு என்று கேட்காமல், வேலை நடக்கிறதா என்று கேட்கிறது பாருங்கள்.

சத்தை அள்ளிக் கொடுப்பதும் எப்போதும் பலிப்பதில்லை. 2021-இல் வெளியான ஒரு கோவிட் ஆய்வில், வீட்டிலிருந்தபடி சிகிச்சை பெற்றவர்களுக்கு அதிக அளவு துத்தநாகமும் வைட்டமின் சி-யும் கொடுத்தும் அறிகுறிகள் சீக்கிரம் தணியவில்லை. தட்டம்மையில் கதை வேறு. தட்டம்மை வந்த குழந்தைகளுக்கு அடுத்தடுத்த இரண்டு நாளில் வைட்டமின் ஏ கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தத்தில் ரெட்டினால், அதாவது வைட்டமின் ஏ, அளவு பார்த்து வரட்டும் என்று அங்கே யாரும் காத்திருப்பதில்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.