நூற்றிருபது நாள்

(கொழிஞ்சாம்பாறை வாசகசாலையின் மாலைக் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம். முன்வரிசையில் கம்பி கட்டுகிறவர்கள் நாலு பேர் வேலை உடுப்போடு அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களுக்குத் தனி வணக்கம். இன்று நான் பேசப்போவது உங்கள் தொழிலைப் பற்றித்தான். ஆனால் கதை நடந்தது இங்கிலாந்தில்.

நான் இன்ஜினியர் இல்லை. முப்பத்தோரு வருஷம் கான்ட்ராக்டர் ஆபீசில் பில் போட்டவன். அதில் ஒன்பது வருஷம் மஸ்கட்டில். சைட்டில் அளந்து எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் எழுதிக் கொடுப்பார்கள், அதைப் பார்த்து, வேலை நடக்க நடக்கப் பணம் கேட்கிற ரன்னிங் பில் தயாரிப்பது என் வேலை. ஒரு கட்டடத்தை நீங்கள் பார்த்தால் தூணும் கூரையும் தெரியும். எனக்கு எந்தத் தூணுக்குப் பணம் வந்தது, எந்தத் தூணுக்கு வரவில்லை என்பதுதான் தெரியும். அந்தப் புத்தியோடுதான், 2018இல் திவாலாகிப்போன காரில்லியன் என்ற பெரிய கட்டுமானக் கம்பெனியின் கதையைச் சொல்லப்போகிறேன்.

முதலில் நம் ரோட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். நம்ம பஞ்சாயத்தில் ரோடு நன்றாகப் போட்டால் என்ன சொல்வோம்? 'மெக்காடம் டாரிங்' என்போம். மெக்காடம் என்பது ஜல்லியை அடுக்கி ரோடு போட வழி சொன்ன ஸ்காட்லாந்துக்காரரின் பெயர். அந்த ஜல்லி ரோட்டில் மோட்டார் கார் ஓடினால் புழுதி பறக்கும். 1901இல் ஹூலி என்ற சர்வேயர் டென்பி என்ற ஊர் வழியாகப் போகும்போது ஒரு இடத்தில் மட்டும் புழுதியே இல்லை. விசாரித்தால், அங்கே ஒரு பீப்பாய் தார் கொட்டிப்போயிருக்கிறது. அதை மறைக்கப் பக்கத்து இரும்பு ஆலையின் கசடை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். அதையே முறைப்படி செய்து காப்புரிமை வாங்கினார், 1903இல் கம்பெனியும் வைத்தார். கண்டுபிடித்தவருக்கு வியாபாரம் வரவில்லை. உல்வர்ஹாம்ப்டன் ஊரில் இரும்பு ஆலை வைத்திருந்த ஆல்ஃபிரட் ஹிக்மன் 1905இல் அதை எடுத்து டார்மாக் என்று பெயர் வைத்தார். ஆலையில் மலையாகக் குவிந்த கசடு அவருக்குக் காசாகிவிட்டது. எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே அதுதான்.

அந்த டார்மாக் பெரிதாகிப் பெரிதாகிக் கட்டடம், பாலம் எல்லாம் செய்தது. 1996இல் விம்பி என்ற இன்னொரு கம்பெனியோடு பண்டமாற்று நடந்தது: தன் வீடு கட்டும் தொழிலை அவர்களுக்குக் கொடுத்து, அவர்களின் கட்டுமானத் தொழிலை வாங்கிக்கொண்டது. நம்ம ஊர்க்காரர்கள் கல்ஃபுக்குப் போன காலத்தில் ஓமானில் கேள்விப்பட்ட விம்பி அலாவி என்ற கூட்டுக் கம்பெனியும் இப்படித்தான் கை மாறியது. 1999இல் கல் குவாரி ஒரு பக்கம், கட்டுமானமும் சேவையும் ஒரு பக்கம் என்று டார்மாக் பாகம் பிரிந்தது. கட்டுமானப் பாகத்துக்கு வைத்த பெயர்தான் காரில்லியன். மஸ்கட்டில் அழகாக ஒரு ஓபரா ஹவுஸ் இருக்கிறது, 2011இல் திறந்தது, அது இவர்களின் ஓமான் கூட்டுக் கம்பெனி கட்டியது. நான் பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது கல் பதித்த நேர்த்தியைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன். வேலையில் குறை சொல்ல முடியாது. பர்மிங்ஹாமின் பெரிய நூலகமும் இவர்கள் கட்டியதுதான்.

கட்டுவதோடு நிற்கவில்லை. கட்டிய ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைப்பது, பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடுவது, ஜெயில்களில் குழாய் ரிப்பேர், பட்டாளத்துக்காரர் குடியிருப்புப் பராமரிப்பு, ரயில் பாதை வேலை, எல்லாம் எடுத்தார்கள். அரசாங்கம் தன் கையால் செய்துகொண்டிருந்த வேலைகளை வெளியே கொடுக்க ஆரம்பித்த காலம். விழுந்த நாளில் பொதுத்துறை ஒப்பந்தம் மட்டும் சுமார் 450 கையில் இருந்தது. உலகம் முழுக்க 43,000 பேர் வேலை பார்த்தார்கள்.

வளர்ந்த விதத்தையும் சொல்லவேண்டும். போட்டிக் கம்பெனிகளையே வாங்கினார்கள். 2006இல் மோலம், 2008இல் மெக்கால்பைன், 2011இல் ஈகா. கடை பெயருக்காகப் பகடிப் பணம் கூடுதலாகக் கொடுத்து வாங்குவோமே, அதுபோல. பெயருக்குக் கொடுத்த அந்தக் கூடுதல் பணத்தைக் கணக்கில் 'குட்வில்' என்று சொத்துப் பக்கம் எழுதலாம். 2016 கணக்கில் மொத்தச் சொத்து சுமார் 440 கோடி பவுண்டு. அதில் 157 கோடி குட்வில். சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கண்ணால் பார்க்கவோ, அடகு வைக்கவோ முடியாதது. கிரேன் என்றால் விற்கலாம். பெயரை, நல்ல நாளிலேதான் விற்கலாம்.

சரி, எப்படி விழுந்தது? இங்கேதான் பில் போடுகிறவன் பேச்சு.

நீங்கள் ஒருவருக்கு வீடு கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். பாதி வேலை ஆகிவிட்டது. மொத்தத்தில் அஞ்சு லட்சம் நிற்கும் என்று உங்கள் மனக்கணக்கு. அப்படியானால் இரண்டரை லட்சம் லாபம் வந்துவிட்டது என்று இன்றைக்கே நோட்டில் எழுதிக்கொள்ளலாமா? பெரிய கம்பெனிக் கணக்கில் எழுதலாம். அது சட்டப்படி சரியும்கூட. மனக்கணக்கு நேர்மையாக இருந்தால் போதும். லிவர்பூலில் 33.5 கோடி பவுண்டுக்கு ஆஸ்பத்திரி வேலை. உத்திரங்களில் விரிசல். உள்ளே இருந்தவர்களே 2016 நவம்பரில் ஆராய்ந்து, இதில் 12.7 சதவீதம் நஷ்டம் வரும் என்றார்கள். நிர்வாகம் 4.9 சதவீதம் லாபம் என்றே எழுதச் சொன்னது. உத்திரம் விரிந்த கட்டடத்தில் லாபம் மட்டும் விரியாமல் நின்றது.

எழுதிய லாபத்துக்குப் பங்குதாரர்களுக்கு டிவிடெண்டு, அதாவது லாபப் பங்கு, கொடுக்கவேண்டும். டிவிடெண்டை எழுத்தில் கொடுக்க முடியாது, காசாகத்தான் கொடுக்கவேண்டும். 2009 முதல் 2016 வரை 55.4 கோடி பவுண்டு கொடுத்திருக்கிறார்கள். தொழிலில் வந்த காசில் முக்கால் பங்கு. அதே காலத்தில் தொழிலாளர் பென்ஷன் நிதியில் பள்ளம் விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் அது சுமார் 260 கோடி என்று கணக்கிட்டார்கள்.

காசு எங்கிருந்து வந்தது? முன்வரிசைத் தம்பிகளே, உங்களிடமிருந்துதான். அதாவது அந்த ஊரில் உங்கள் இடத்தில் இருந்தவர்களிடமிருந்து. சப் கான்ட்ராக்டருக்கு இவர்கள் வைத்த கெடு 120 நாள். இன்று கான்கிரீட் போட்டால் நாலு மாதம் கழித்துப் பணம். அவ்வளவு நாள் தாங்க முடியாதா? அதற்கும் ஒரு வழி வைத்தார்கள். பேங்க் உங்களுக்கு 45 நாளில் கொடுக்கும், கொஞ்சம் கழித்துக்கொண்டு. பிறகு கம்பெனி பேங்குக்குக் கட்டும். உன் கூலியை நீயே வட்டி கொடுத்து முன்கூட்டி வாங்கிக்கொள் என்பதுதான் இதன் சாரம். வேடிக்கை என்னவென்றால், பேங்குக்குக் கொடுக்கவேண்டிய அந்தத் தொகை 40 கோடி பவுண்டுக்கும் மேல். அதைக் கடன் என்று எழுதாமல் 'இதர பாக்கி' என்று ஒரு மூலையில் எழுதியிருந்தார்கள்.

ஒரு நிமிஷம் இங்கே நம்ம பக்கத்துச் சம்பவம் ஒன்று. கம்பெனி பெயர் வேண்டாம். கோயமுத்தூர் பக்கம் ஒரு பெரிய கட்டடம், நான் மெயின் கான்ட்ராக்டர் ஆபீசில். சென்ட்ரிங் வேலை ஒரு பொள்ளாச்சி மேஸ்திரிக்கு. முப்பது ஆள், எல்லோருக்கும் சனிக்கிழமை கூலி கொடுத்தாகணும். பில் மேலே போய்த் தூங்கும். அவர் வெள்ளிக்கிழமை தோறும் எனக்குப் போன் செய்வார். பணம் என்ற சொல்லே வாயில் வராது. "சார், அங்க மழை பேயுதுங்களா?" என்பார். நானும் அர்த்தம் புரிந்து, "மேகமா இருக்குதுங்க மேஸ்திரி" என்பேன். "செரிங் சார்" என்று வைத்துவிடுவார். ஒருநாள் வானம் நிஜமாகவே கொட்டிக்கொண்டிருந்தது. நான் பழக்கத்தில் மேகமாக இருக்கிறது என்றேன். மறுமுனையில் அவர் சிரித்ததும், நான் சிரிக்க முடியாமல் நின்றதும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. வேலையில் குறை வந்தால் என்று பில்லில் பிடித்துவைக்கிற ரிடென்ஷன் பணம் அவருக்குப் பதினாலு மாதம் கழித்து வந்தது, அதிலும் பிடித்தம் போக.

இந்த மேஸ்திரியை முப்பதாயிரத்தால் பெருக்குங்கள். காரில்லியனுக்கு வேலை செய்த, சரக்கு கொடுத்த சின்னக் கம்பெனிகள் சுமார் 30,000. விழுந்த அன்று அவர்களுக்கு வர வேண்டிய பாக்கி சுமார் 200 கோடி பவுண்டு.

விழுந்தது வேகமாக. 2017 ஜூன் 9ஆம் தேதி 5.5 கோடி டிவிடெண்டு கொடுத்தார்கள். ஜூலை 10ஆம் தேதி, ஒரே மாதம், ஒப்பந்தங்களில் 84.5 கோடி பவுண்டு வராது என்று அறிவித்தார்கள். தலைமை நிர்வாகி பதவி விலகினார். அவர் பிறகு நாடாளுமன்றக் குழு முன்னால், கத்தார் வேலைக்குப் பணம் கேட்டு அலைந்து தாம் ஒரு வசூல்காரர் போல ஆகிவிட்டதாகச் சொன்னார். மேலே இருந்தவரும் மழை பெய்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் பாருங்கள். 2018 ஜனவரி 15ஆம் தேதி கம்பெனியைக் கலைக்கக் கோர்ட் உத்தரவு. கையில் ரொக்கம் 2.9 கோடி பவுண்டு. கொடுக்கவேண்டியது ஏறக்குறைய 700 கோடி. இதில் இன்னொரு வினோதம்: பத்தொன்பது வருஷமும் ஒரே ஆடிட்டர், கே.பி.எம்.ஜி. அவர்கள் அத்தனை வருஷத்தில் வாங்கிய ஆடிட் கட்டணமும் அதே 2.9 கோடிதான். பிறகு 2023இல் அவர்களுக்கு 2.1 கோடி அபராதம் விழுந்தது.

மறுநாள் காலை யார் ஆஸ்பத்திரியைக் கூட்டுவது? அரசாங்கம் சம்பளப் பொறுப்பை ஏற்றது. அதனால் கூட்டுகிறவர்களும் சமைக்கிறவர்களும் வேலைக்கு வந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் பள்ளிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகத் தீயணைப்பு ஆட்களைத் தயாராக நிறுத்தினார்கள். தீயணைப்பு வண்டியில் சாம்பார் வாளி மாதிரி ஒரு காட்சி நினைத்துப் பாருங்கள். சுமார் 2,800 பேருக்கு வேலை போயிற்று. பாதியில் நின்ற லிவர்பூல் ஆஸ்பத்திரி 2017இல் திறக்கவேண்டியது, 2022இல் திறந்தது. பர்மிங்ஹாம் பக்கத்தில் இன்னொன்று 2024 வரை இழுத்தது. நமக்குத் திருச்சூர் ரோட்டில் குதிரான் சுரங்கப்பாதைக்குக் காத்திருந்த அனுபவம் இருப்பதால் இதில் ஆச்சரியம் இருக்காது.

இதைப் படித்தபோது எனக்குக் கோழிக்கோட்டுக்கு வடக்கே இருக்கிற வடகரை ஞாபகம் வந்தது. நம்ம கேரளத்திலேயே பெரிய கட்டுமான நிறுவனம் ஒன்று இருக்கிறது, ஊராளுங்கல் லேபர் கான்ட்ராக்ட் சொசைட்டி. 1925இல் தொடங்கியது. அப்போது பாலக்காடும் வடகரையும் சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவில் ஒன்றாக இருந்தன. வாக்படானந்தர் என்ற துறவி சாதி கூடாது, விக்கிரகம் வேண்டாம் என்று பேசினார். அவர் பின்னால் போன கூலிக்காரர்களுக்கு ஊர்ப் பெரியவர்கள் வேலை தர மறுத்தார்கள். சரி, நாங்களே கான்ட்ராக்ட் எடுக்கிறோம் என்று பதினாலு பேர் சேர்ந்தார்கள். முதல், ஆறு அணா. காசர்கோட்டில் தலப்பாடி முதல் செங்களை வரை தேசிய நெடுஞ்சாலையை ஆறு வழியாக்கும் வேலையை அவர்கள்தான் எடுத்துச் செய்தார்கள். கொச்சி பாலாரிவட்டம் மேம்பாலத்தை டெல்லி மெட்ரோ நிறுவனத்துக்காக இடித்துக் கட்டி 2021 மார்ச்சில் திறந்ததும் அவர்கள் கைதான். கோழிக்கோட்டில் சைபர் பார்க், இரிங்ஙலில் கைவினை கிராமம். கட்டுவதும் நடத்துவதும் அங்கேயும் உண்டு. லாபம் வந்தால் போகிற இடம் உறுப்பினர்களான தொழிலாளிகளிடம்.

உடனே கைதட்ட வேண்டாம். வேலை செய்கிற எல்லோரும் உறுப்பினர்கள் இல்லை. அரசு வேலை அவர்களுக்கே போகிறது என்று தனியார் கான்ட்ராக்டர்கள் முனகுவதும் காதில் விழுகிறது, அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைப் பாருங்கள். கூலி வாங்குகிறவனே உறுப்பினராக உட்கார்ந்திருக்கிற இடத்தில், நாலு மாதம் கழித்துக் கூலி தருகிறேன் என்று தீர்மானம் கொண்டுவந்தால் யார் கை தூக்குவார்கள்?

நேரமாகிவிட்டது என்று தலைவர் சீட்டு கொடுத்துவிட்டார். வேலந்தாவளம் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். சின்னதாக வேலை எடுக்கிற தம்பிகளுக்கு மட்டும் ஒன்று. வொர்க் ஆர்டரில் ரேட் முதல் பக்கத்தில் இருக்கும், பணம் என்றைக்கு என்பது உள்ளே எங்கேயோ இருக்கும். அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள். சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் கொடுக்கவேண்டும் என்று 2006இலேயே நம் நாட்டில் சட்டம் வந்தது. சிறு தொழிலுக்கு அரசாங்கம் வைத்திருக்கிற உத்யம் பதிவு இருந்தால் அதைக் கேட்பது சுலபம். வொர்க்ஸ் கான்ட்ராக்டுக்கு அது செல்லுமா என்று கோர்ட்டுகளில் இன்னும் வழக்காடுகிறார்கள், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதிவுக்குக் கட்டணம் கிடையாது, செய்து வையுங்கள்.

பொள்ளாச்சி மேஸ்திரி சென்ட்ரிங் பலகையெல்லாம் விற்றுவிட்டார். போன வெள்ளிக்கிழமை போன் வந்தது. "சார், அங்க மழை பேயுதுங்களா?" எனக்கு ஒரு கணம் வயிற்றைக் கலக்கியது. அவர் இப்போது நம்ம பக்கம் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கிறாராம், நிலக்கடலை போட ஈரம் பத்துமா என்று கேட்கிறார். வெளியே போய் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு, ஒரு விரல் ஆழம் நனைந்திருக்கிறது என்று சொன்னேன்.