டிஹுவானாவின் கலை வரலாறு எங்கே இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

மெக்சிகோவின் வடமேற்கு மூலையில், பசிபிக் கடலோரத்தில் இருக்கிறது டிஹுவானா. வேலிக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் சான் டியேகோ. நடுவில் உள்ள சான் இசித்ரோ கடவை வழியாகத் தினமும் பல்லாயிரம் பேர் வேலைக்கும் படிப்புக்கும் போய்வருகிறார்கள். இந்த எல்லை நகரத்தில் கடந்த நாற்பது ஆண்டுகளில் வளர்ந்த சமகாலக் கலையைப் பற்றியும், அதை எழுதிவைப்பது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பது பற்றியும் இன்று பேச வந்திருக்கிறேன்.

1982இல் அங்கே டிஹுவானா பண்பாட்டு மையம் திறக்கப்பட்டது. அதன் பெரிய கோள வடிவத் திரையரங்கை ஊர்மக்கள் ‘பந்து’ என்றே சொல்கிறார்கள். 1984இல் இருபக்கக் கலைஞர்களும் சேர்ந்து எல்லைக் கலைப் பட்டறை என்ற குழுவைத் தொடங்கினார்கள். 1992இல் ‘இன்சைட்’ கலைவிழா வந்தது. இரண்டு நகரங்களின் தெருக்களிலும் கடற்கரையிலும் வேலியோரத்திலும் கலைப் படைப்புகளை வைத்த விழா அது. 2005 வரை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்தது. டிஹுவானா என்ற பெயர் உலகக் கலைப் பத்திரிகைகளில் அடிபடத் தொடங்கியதற்கு இந்த விழா பெரிய காரணம்.

மார்கோஸ் ராமிரெஸ் என்ற கலைஞரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எர்ரே என்றால்தான் அங்கே பலருக்கும் தெரியும். டிஹுவானாவில் பிறந்தவர், சட்டம் படித்தவர். பிறகு எல்லை தாண்டிப் போய்க் கட்டுமானத் தொழிலில் பல ஆண்டுகள் உழைத்தவர். 1994 விழாவின்போது பண்பாட்டு மையத்தின் முற்றத்தில் இவர் ஒரு குடிசை கட்டினார். கழிவுப் பலகைகளால் எழுப்பிய, ஏழைகள் வாழும் குடிசை. பளபளப்பான அந்த வளாகத்தில் அது ஏன் என்று புரிந்துகொள்ள, அந்த மண்ணின் கதை தெரிய வேண்டும். மையம் இருக்கும் ஆற்றங்கரைப் பகுதியில் முன்பு கார்ட்டோலாந்தியா என்ற அட்டைக் குடிசைக் குடியிருப்பு இருந்தது. ஆற்றைக் கால்வாயாக்கி நவீன வணிகப் பகுதி அமைப்பதற்காக 1970களில் அந்த மக்களை வெளியேற்றினார்கள். எர்ரே கட்டிய குடிசை, விரட்டப்பட்ட அந்த வீடுகளை அதே மண்ணில் திரும்ப நிறுத்தியது.

விழா முடிந்ததும் குடிசையைப் பிரித்துவிட்டார்கள். புகைப்படங்கள் இருக்கின்றன. ஆனால் படத்தைப் பார்ப்பவருக்கு ஒரு குடிசை மட்டும்தான் தெரியும். அதன் அடியில் யாருடைய வீடு இருந்தது என்பதைப் படம் சொல்லாது. யாராவது சொல்லி, யாராவது எழுதிவைத்தால்தான் உண்டு. படைப்பின் படத்தோடு பதிவு நின்றுவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

1997இல் அதே எர்ரே, சான் இசித்ரோ கடவைக்கு அருகே சுமார் 10 மீட்டர் உயர மரக்குதிரையை நிறுத்தினார். அதற்கு இரண்டு தலைகள். ஒன்று மெக்சிகோவையும் மற்றது அமெரிக்காவையும் பார்த்தது. கிரேக்கப் பழங்கதையின் மரக்குதிரை வயிற்றில் படைவீரர்கள் ஒளிந்திருந்தார்கள். இதன் வயிறோ திறந்திருந்தது, உள்ளே யாரும் ஒளிந்திருக்கவில்லை. அதுவும் இப்போது அங்கே இல்லை.

2001 பிப்ரவரியில் போலந்தில் பிறந்த கலைஞர் கிறிஸ்டாஃப் வோடிச்கோ, அந்தப் ‘பந்தின்’ மீது பெண்களின் முகங்களை ஒளியாகப் பாய்ச்சினார். மக்கிலாதோரா எனப்படும் ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்கள் அவர்கள். தலையில் மாட்டிய கேமரா வழியாக, தாங்கள் அனுபவித்த வன்முறையையும் சுரண்டலையும் கூடியிருந்த மக்கள் முன் நேரடியாகச் சொன்னார்கள். வீடியோ பதிவு இருக்கிறது. ஆனால் அப்படிப் பேசியது அந்தப் பெண்களின் வாழ்க்கையில் என்ன செய்தது? என்னைக் கேட்டால், அந்தக் கலைப்படைப்பின் சரிபாதி அதுதான்.

2005இல் ஜூடி வெர்தைன் என்ற கலைஞர் ஒரு காலணியை வடிவமைத்தார். அதில் திசைகாட்டியும் சிறு விளக்கும் இருந்தன. உள்அட்டையில் எல்லைப் பகுதியின் வரைபடம். டிஹுவானாவில் அனுமதியின்றி எல்லை கடக்கக் காத்திருந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். சான் டியேகோ கடையில் அதே காலணி 200 டாலருக்கு மேல் விலைபோனது. அமெரிக்க ஊடகங்களில் பெரிய சர்ச்சை எழுந்தது. அந்தச் சர்ச்சையை இன்றும் எளிதாகத் தேடிப் படிக்கலாம். அதைப் போட்டுக்கொண்டு நடந்தவர்களின் சொல்லைத்தான் காண முடிவதில்லை.

இங்கே ஒரு சாய்வு இருக்கிறது. வெளியிலிருந்து வந்தவர்கள் செய்த, வேலியைப் பற்றிய படைப்புகள் நன்றாகப் பதிவாகியிருக்கின்றன. ஊருக்குள்ளேயே இருந்து வேலை செய்தவர்களின் வரலாறு சிதறிக் கிடக்கிறது. தொழிற்சாலைக் கழிவுகளிலிருந்து ஓவியங்களும் சிற்பங்களும் செய்த ஹைமே ருயிஸ் ஓதிஸ், 1995இல் தொடங்கிய தோரோலாப் கலைக் குழு, 1990களின் இறுதியில் நாட்டார் இசையை மின்னணு இசையோடு கலந்த நோர்டெக் இளைஞர்கள் போன்ற சிலர் புகழ்பெற்றார்கள். அவர்களைச் சுற்றியிருந்த நூற்றுக்கணக்கானோரின் வேலை துண்டறிக்கைகளிலும் பழைய நாடாக்களிலும் நின்றுபோனது. இணையமும் கைகொடுக்கவில்லை. அந்தத் தலைமுறையின் இசை நிறைய இருந்த மைஸ்பேஸ் தளம், 2016க்கு முன் ஏற்றப்பட்ட கோப்புகள் அழிந்துவிட்டதாக 2019இல் ஒப்புக்கொண்டது.

2008 வாக்கில் போதைக் கும்பல்களின் வன்முறை உச்சத்துக்குப் போனது. சுற்றுலாப் பயணிகள் வரவில்லை. ரெவொலூசியோன் சாலையின் நினைவுப்பொருள் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. அந்தக் காலியிடங்களுக்குள் இளைஞர்கள் நுழைந்தார்கள். ரோட்ரிகெஸ் சந்து போன்ற இடங்களில் சிறு காட்சிக்கூடங்களும் புத்தகக் கடைகளும் காபிக் கடைகளும் முளைத்தன. அரசோ பெரிய விழாவோ அழைத்து இது நடக்கவில்லை. ஊரே பயந்திருந்த நேரத்தில் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்து வைத்தவர்கள் இவர்கள். டிஹுவானா கலை வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம் இது. அவர்கள் இன்று நடுவயதை எட்டியிருக்கிறார்கள். நினைவு மங்குவதற்கு முன் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். வாடகை யார் கொடுத்தார்கள், எந்தக் கண்காட்சி முதலில் நடந்தது, யார் வந்தார்கள் என்று கேட்க வேண்டும். ஒரே நிகழ்ச்சியை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். மூன்றையும் அப்படியே வைக்க வேண்டும். ஒன்றாக்கிச் சீராக்குவது வரலாற்றுக்குத் துரோகம்.

இன்னொன்று. இன்சைட் விழாவின் பெரிய ஆவணத் தொகுப்பு சான் டியேகோவில், கலிபோர்னியா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. பத்திரமாக இருக்கிறது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் டிஹுவானாவில் படிக்கும் ஒரு கலை மாணவி தன் ஊரின் கதையை மூலத்தாள்களில் பார்க்க விசா வாங்க வேண்டும். அதில் டிஹுவானாவைப் பற்றி உள்ள ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் வேலிக்குத் தெற்கேயும் இருக்க வேண்டும், பொது நூலகத்தில், எவரும் கேட்டு வாங்கிப் படிக்கும்படி. அதோடு புதிதாக எடுக்கும் நேர்காணல்களை ஸ்பானிஷ் மொழியில், பேசியவரின் குரலோடு சேர்க்க வேண்டும். கலைஞர்களோடு நிறுத்தாமல், 1997இல் கடவையின் வாகன வரிசையில் பொருள் விற்றுக்கொண்டு அந்த இருதலைக் குதிரையைத் தினமும் பார்த்த வியாபாரிகளிடமிருந்தும் இதைத் தொடங்கலாம்.

நன்றி, வணக்கம்.